பள்ளி வகுப்பில் கையால் செய்யும் களிமண் சிற்பங்கள்: மண் பிசைவதிலிருந்து சூளை வரை முழுமையான வழிகாட்டி

சக்கரம் வேண்டாம். கையும் சில எளிய கருவிகளும் இருந்தால் ஒரு வகுப்பு முழுக்கக் களிமண்ணில் நல்ல சிற்பங்கள் செய்துவிடலாம். ஆனால் புதிதாக இந்த வகுப்பை எடுப்பவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன: காது கழன்று விழும், அடிப்பாகம் விரியும், சூளைக்குள் ஒன்று வெடித்துப் பக்கத்தில் இருந்தவற்றையும் உடைக்கும். மாணவர்களுக்குக் கைத்திறன் போதவில்லை என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில், செய்ய வேண்டிய வேலையை அதற்குரிய ஈரப்பதத்தில் செய்யாததால்தான் இவற்றில் முக்கால்வாசி நடக்கின்றன. பாட அட்டவணையைப் பார்த்து மண் காயாது, ஆகவே மண் காயும் வேகத்தைப் பார்த்துத்தான் நாம் வகுப்பைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ள வரிசை அப்படி அமைந்தது.

1. முதலில் சூளை, அப்புறம் மண்

மண் வாங்குவதற்கு முன்பே சூளையைப் பற்றி மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: எவ்வளவு வெப்பம் வரை போகும், உள்ளே தட்டுகளுக்கு நடுவில் எவ்வளவு உயரம் இருக்கிறது, உங்கள் வகுப்பின் முறை எப்போது வரும். சிற்பத்தின் உயரத்தை முடிவு செய்வது மாணவரின் ஆசை இல்லை, அந்தத் தட்டு இடைவெளிதான். 15 முதல் 20 செ.மீ. உயரம் என்று எல்லை வைத்தால் பெரும்பாலான பள்ளிச் சூளைகளில் வசதியாக அடுக்கலாம்.

மண்ணும் கிளேஸும் (சுட்ட சிற்பத்தின்மேல் பூசி மறுபடி சுடும் கண்ணாடி போன்ற பூச்சு) ஒரே வெப்பநிலைக்கு ஒத்துவர வேண்டும். தாழ்வெப்ப மண் சுமார் 1000 முதல் 1150 டிகிரி செல்சியஸுக்குள் சுடுவது. அதை 1200க்கு மேல் கொண்டுபோனால் வளைந்து, உருகித் தட்டிலேயே ஒட்டிவிடலாம். உயர்வெப்ப மண்ணைக் குறைந்த வெப்பத்தோடு நிறுத்தினால் ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் அது நீரை உறிஞ்சும், வலுவும் குறைவாக இருக்கும். பொட்டலத்தில் போட்டிருக்கும் வெப்பநிலையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சிற்பத்துக்கு வழவழப்பான மண்ணைவிடக் குருணை கலந்த மண் நல்லது. குருணை என்பது ஏற்கனவே சுட்ட மண்ணைப் பொடித்தது. அது ஒருமுறை சுருங்கி முடித்துவிட்டதால் மொத்த மண்ணும் குறைவாகச் சுருங்குகிறது, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறவும் வழி கிடைக்கிறது. கைக்குக் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், அவ்வளவுதான். சிறு வயது மாணவர்களுக்கு நுண்குருணை போதும்.

முதல் திட்டத்துக்கு ஒருவருக்கு 1 கிலோ மண் போதும். தலைச் சிற்பத்துக்கு 2 முதல் 3 கிலோ வரை ஒதுக்குங்கள். சூளையே இல்லாத பள்ளி என்றால் காற்றில் உலரும் மண்ணை எடுத்துக்கொள்ளலாம். உலர்த்துவது வரைக்கும் இங்கே சொல்லும் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும், ஆனால் முடிந்த சிற்பம் தண்ணீர் தாங்காது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

2. மேசை, கருவி, தூசி

மேசைமேல் கெட்டித் துணி விரிக்க வேண்டும். வெறும் பலகையில் மண் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய மண்ணைப் பிய்த்து எடுக்கும்போது வடிவம் போய்விடும். ஆளுக்கு ஒரு சிறிய மரப்பலகை கொடுங்கள். சிற்பம் முதல் நாளிலிருந்து அந்தப் பலகையிலேயே இருக்கட்டும். எடுத்து வைப்பதும் திருப்புவதும் பலகையோடுதான் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கும்போதே பாதி உடைகிறது.

கருவிகளுக்குப் பெரிய செலவு தேவையில்லை. மண் அறுக்கும் கம்பி, முள்கரண்டி, ஊசி, மழுங்கிய கத்தி, உருட்டுக்கட்டை, ஒரே தடிமனுள்ள மரச்சட்டங்கள் இரண்டு, தட்டுவதற்கு ஒரு தட்டையான கட்டை, ஸ்பாஞ்ச், ஸ்ப்ரே பாட்டில், நிறைய பிளாஸ்டிக் உறைகள். கடைசியில் சொன்னதுதான் எப்போதும் போதாமல் போகும்.

தூசியைப் பற்றிக் கண்டிப்பாக இருங்கள். களிமண்ணில் சிலிக்கா இருக்கிறது. காய்ந்த மண்தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெடும். அதனால் மேசையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். காய்ந்த சிற்பத்தை உப்புத்தாளால் தேய்ப்பதையும் வகுப்பில் அனுமதிக்காதீர்கள். வழவழப்பாக்க வேண்டியதை மண் ஈரமாக இருக்கும்போதே செய்து முடித்துவிடலாம்.

கை கழுவுவது நேராகக் குழாயடியில் இல்லை. முதலில் ஒரு வாளித் தண்ணீரில் அலசிவிட்டு, அப்புறம் குழாய். வாளியில் மண் அடியில் தங்கும், மேல்தண்ணீரை மட்டும் கொட்டலாம். இதைப் பழக்காவிட்டால் வடிகால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

3. பதங்களைக் கையால் அறியப் பழக்குங்கள்

முதல் வகுப்பில் யாரும் எதுவும் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். நான்கு பதங்களில் மண்ணைத் தயாராக வைத்து, எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வகுப்பு பின்னால் பல உடைசல்களை மிச்சப்படுத்தும்.

பிசையும் பதம்: விரல் தடிமனில் ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளைத்தால் விரிசல் விடாது. உருவம் கொடுப்பதெல்லாம் இந்தப் பதத்தில்.

தோல் பதம்: ஈரம் இருக்கும், ஆனால் தூக்கினால் வளையாது. நகத்தால் கீறினால் சுத்தமான கோடு விழும். செதுக்குவதும், கோடு போடுவதும், தகடுகளைச் சேர்த்து நிறுத்துவதும் இப்போதுதான்.

முழு உலர்வு: நிறம் வெளிறிவிடும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்காது. சில்லென்று இருந்தால் இன்னும் உள்ளே நீர் இருக்கிறது, அது ஆவியாகிக்கொண்டிருப்பதால்தான் குளிர்கிறது. களிமண் மிக எளிதில் நொறுங்குவது இந்தக் கட்டத்தில், ஆகவே தொடாமல் இருப்பதே நல்லது.

சுட்ட மண்: இனி தண்ணீரில் போட்டாலும் கரையாது. சுமார் 450 டிகிரிக்கு மேல் மண்ணின் துகள்களுக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர் வெளியேறிவிடுகிறது, அதற்குப் பிறகு அது திரும்பக் களிமண் ஆகாது.

4. பிசைவது ஏன் கட்டாயம்

பொட்டலத்திலிருந்து எடுத்த மண் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஓரம் காய்ந்தும் நடு ஈரமாகவும் இருக்கும். அப்படியே செய்தால் ஒரே சுவரில் இரண்டு வேகத்தில் காயும், விரியும். பிசைந்தால் ஈரம் சமமாகும், காற்றுக் குமிழிகளும் வெளியே போகும்.

மாணவர்களுக்குச் சுலபமான முறை: கட்டியைக் கம்பியால் இரண்டாக அறுத்து, ஒன்றின்மேல் ஒன்றை ஓங்கி அறைந்து, கொஞ்சம் அழுத்தி, திருப்பி வைத்து மறுபடி அறுப்பது. இப்படி 15, 20 தடவை. அறுத்த முகத்தில் ஓட்டைகள் தெரியாமல் ஒரே நிறமாக இருந்தால் போதும். மண்ணை மடித்து மடித்துச் சுருட்டுவார்கள், அது காற்றை உள்ளே அடைக்கத்தான் உதவும்.

5. மூன்று அடிப்படைகள்

கிள்ளல். உள்ளங்கையில் அடங்கும் ஓர் உருண்டை எடுத்து, நடுவில் கட்டைவிரலை இறக்கி, அடியில் 1 செ.மீ. மீதம் இருக்கும்போது நிறுத்த வேண்டும். அப்புறம் அடியிலிருந்து தொடங்கி, உருண்டையைச் சிறிது சிறிதாகத் திருப்பியபடியே கிள்ளி மேலே வர வேண்டும். எல்லோரும் விளிம்பிலிருந்துதான் தொடங்குவார்கள், ஏனென்றால் அங்கே கிள்ளுவது எளிது. விளிம்பு மெலிந்து, அகன்று, விரிந்து, அடியில் மட்டும் ஒரு கட்டி மண் தங்கிவிடும். விளிம்பைக் கடைசிவரை தடிமனாக விட்டு வைக்கச் சொல்லுங்கள்.

திரி. விரல் நுனியால் உருட்டினால் மேடும் பள்ளமும் வரும். உள்ளங்கை முழுவதையும் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையை நகர்த்தியபடி நீளமாக உருட்ட வேண்டும். திரி தட்டையானால் மேலே அழுத்தாமல் பக்கவாட்டில் தட்டி மறுபடி உருண்டையாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திரியும் கீழே உள்ளதோடு உள்பக்கமும் வெளிப்பக்கமும் இழைந்து சேர வேண்டும். வெளியே கோடு தெரிய வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் உள்ளேயாவது முழுக்க இழைத்துவிடட்டும், இல்லாவிட்டால் அந்தக் கோட்டிலேயே பிரியும்.

தகடு. மண் கட்டியின் இரண்டு பக்கமும் 8 மி.மீ. தடிமனுள்ள மரச்சட்டங்களை வைத்து, உருட்டுக்கட்டை அந்தச் சட்டங்கள்மேல் ஓடும்படி உருட்டினால் தடிமன் தானாகச் சமமாக வரும். இரண்டு மூன்று தடவை உருட்டியதும் தகட்டைத் தூக்கித் திருப்பிப் போட வேண்டும். ஒரே பக்கம் அழுத்தம் வாங்கிய தகடு காயும்போது வளையும். தூக்கும்போதும் ஓரத்தைப் பிடித்து மடங்கவிடாமல் துணியோடு தூக்குங்கள். களிமண் தான் வளைந்ததை மறப்பதில்லை, நிமிர்த்தி வைத்தாலும் உலரும்போது பழைய வளைவு திரும்ப வரும்.

6. ஒட்டுவது: இங்கே அதிக நேரம் செலவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

வரிசை இது: இரண்டு முகங்களையும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் ஆழமாகக் கீறுங்கள். இரண்டிலும் மண்குழம்பு தடவுங்கள். சேர்த்து வைத்து, லேசாக அசைத்து அழுத்துங்கள், குழம்பு ஓரத்தில் பிதுங்கி வர வேண்டும். அப்புறம் ஒரு மெல்லிய திரியை இணைப்பைச் சுற்றி வைத்து, விரலாலோ மரக்கருவியாலோ இரண்டு பக்க மண்ணையும் இழைத்து மூடுங்கள்.

கீறுவது பிடிமானத்துக்கு. அதோடு, கீறிய பள்ளங்களில் ஈரம் இறங்கி முகம் இளகுகிறது. குழம்பு இரண்டு பக்க ஈரத்தையும் சமமாக்குகிறது. பிதுங்கி வருவது உள்ளே காற்று இல்லை என்பதற்கு அடையாளம். கடைசியில் இழைப்பதுதான் உண்மையான வலு, அதைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

குழம்பை அதே மண்ணிலிருந்து தயாரியுங்கள். வேறு மண்ணில் செய்த குழம்பு வேறு அளவில் சுருங்கும். கெட்டித் தயிர் மாதிரி இருக்க வேண்டும். தண்ணீராக இருந்தால் அது உலரும்போது இன்னும் அதிகம் சுருங்கி இணைப்பைத் தானே பிரித்துவிடும். ஆகவே மாணவர்கள் வெறும் தண்ணீரைத் தொட்டு ஒட்டுவதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், ஒரு வாரம் கழித்து அலமாரியிலிருந்து எடுக்கும்போது கழன்று கையில் வரும்.

அதைவிட முக்கியமானது: ஒட்டும் இரண்டு துண்டுகளும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். உடல் போன வாரம் செய்தது, தோல் பதத்துக்கு வந்துவிட்டது. வால் இன்று உருட்டியது, புத்தம் புதுசு. உடல் தன் சுருக்கத்தில் பாதியை முடித்துவிட்டது, வால் இனிமேல்தான் சுருங்கத் தொடங்கும். எவ்வளவு நன்றாகக் கீறினாலும் அந்த இணைப்பு இழுபட்டு விரியத்தான் செய்யும். தீர்வு சுலபம்தான். வாலை முந்தின வகுப்பிலேயே செய்து அதே உறைக்குள் வைத்துவிடுங்கள். அல்லது இன்று செய்த வாலை அது விறைக்கும் வரை திறந்து வைத்து, உடலின் ஒட்டும் இடத்தில் மட்டும் ஈரத்துணி போட்டு வையுங்கள்.

ஒரு சோதனையும் வையுங்கள். எல்லோரும் இரண்டு சிறு கட்டிகளை ஒட்டி, அடுத்த வகுப்பில் பிய்த்துப் பார்க்கட்டும். இணைப்பில் பிரிந்தால் ஒட்டியது தவறு. வேறு இடத்தில் கிழிந்தால் சரி. வாயால் சொல்வதைவிட இது வேகமாகப் பதிகிறது.

7. வரையச் சொல்லுங்கள், முன்பக்கம் மட்டும் போதாது

முன், பக்கம், பின் என்று மூன்று படம் கேளுங்கள். ஒரு படம் மட்டும் வரைந்தவர் தட்டையான சிற்பம்தான் செய்வார், பின்பக்கம் வெறுமையாக நிற்கும்.

படத்தைப் பார்த்தே உடையப் போகும் இடங்களைச் சொல்லிவிடலாம். குச்சிக் கால்கள், காற்றில் நிற்கும் மெல்லிய வால், விரித்த விரல்கள். காலை மடக்கி உட்கார வைக்கலாம், வாலை உடலோடு சுற்றலாம், கையை மார்போடு சேர்க்கலாம். இது கட்டுப்பாடு போலத் தோன்றினாலும் உருவம் இதனால் திரண்டு அழகாகத்தான் வரும்.

8. முதல் திட்டம்: உள்ளீடற்ற ஒரு பறவை அல்லது விலங்கு

ஒரே அளவில் இரண்டு கிள்ளல் கிண்ணங்கள் செய்து, வாயோடு வாய் வைத்து ஒட்டினால் காற்று அடைபட்ட ஒரு முட்டை வடிவம் கிடைக்கும். விளிம்புகள் இரண்டும் 1 செ.மீ. தடிமனாக இருக்க வேண்டும், மெல்லிய விளிம்பில் கீறவும் முடியாது, குழம்பும் நிற்காது.

இப்போது ஓட்டை போட்டுவிடாதீர்கள். உள்ளே அடைபட்ட காற்று சுவரைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்தத் தாங்கல் இருக்கும்போதே தட்டையான கட்டையால் மெல்லத் தட்டி உடலை நீட்டலாம், கழுத்துப் பக்கம் குறுக்கலாம், அடியைத் தட்டி உட்கார வைக்கலாம். உடல் வடிவம் முடிந்த பிறகுதான் அடியில் ஊசியால் ஓட்டை. முதலிலேயே ஓட்டை போட்டால் தட்டும்போது சுவர் உள்ளே அமுங்கிவிடும்.

ஓட்டையை மறக்கவும் கூடாது. மண் உலரும்போது சுருங்கும், அடைபட்ட காற்று சுருங்க விடாது, அதனால் விரிசல் வரும். சூளையில் உள்சுவரின் ஈரம் நீராவியாகி வெளியேறவும் வழி வேண்டும். ஊசி உண்மையில் உட்புறம் வரை போனதா என்று பாருங்கள், பாதிச் சுவர் வரை குத்திவிட்டுப் போட்டாயிற்று என்பவர்கள் உண்டு.

தலை, இறக்கை, கால் எல்லாம் இதற்குப் பிறகு. தலை பெரியதாக இருந்தால் அதுவும் உள்ளே குடையப்பட வேண்டும், உடலுக்கும் தலைக்கும் நடுவில் ஓர் ஓட்டை விட வேண்டும். எந்த இடத்திலும் 2.5 செ.மீ.க்கு மேல் கெட்டியாக மண் இருக்கக் கூடாது. இறகு, செதில், ரோமம் போன்றவற்றைத் தோல் பதத்தில் கீறுங்கள், ஈரமான மண்ணில் கீறினால் ஓரம் பிசிறு தட்டும்.

பெயரையும் வகுப்பையும் இப்போதே அடியில் எழுதச் சொல்லுங்கள். சுட்டு வந்த பிறகு முப்பது பறவைகளில் யாருடையது எது என்று தேட வேண்டியிருக்கும்.

9. இரண்டாவது திட்டம்: தகடுகளால் ஒரு கட்டடம்

இங்கே தவறு நடப்பது ஒரே இடத்தில்தான்: தகடு உருட்டிய கையோடு நிறுத்தப் பார்ப்பது. நிற்காது, தொய்யும். தகட்டை உருட்டி, தாள் அச்சை மேலே வைத்து வெட்டி, இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து அடுத்த வகுப்பு வரை விடுங்கள். தோல் பதத்தில் அது அட்டை போல நிற்கும்.

ஓரங்களை 45 டிகிரி சரிவாக வெட்டினால் ஒட்டும் பரப்பு அதிகமாகும். உள்மூலை ஒவ்வொன்றிலும் மெல்லிய திரி வைத்து அழுத்த வேண்டும். சன்னலும் கதவும் சுவரை நிறுத்துவதற்கு முன்பே, தகடு படுத்திருக்கும்போது வெட்டிவிட வேண்டும், நின்ற சுவரில் கத்தி வைத்து அழுத்தினால் மூலை பிரியும். சன்னல் ஓட்டையின் மூலைகளைக் கூர்மையாக விடாமல் ஈர விரலால் கொஞ்சம் உருட்டிவிடுங்கள், விரிசல் எப்போதும் கூர்மையான உள்மூலையிலிருந்துதான் புறப்படும்.

10. மூன்றாவது திட்டம்: மனிதத் தலை

மாணவர்கள் மிகவும் விரும்புவதும், அதிகம் கெடுவதும் இதுதான். கெட்டியாக ஓர் உருண்டை பிடித்து அதில் மூக்கும் கண்ணும் ஒட்டுவதுதான் அவர்களுக்கு முதலில் தோன்றும். அப்படி வேண்டாம். அந்த அளவு மண் உள்ளே உலரப் பல வாரம் ஆகும், உலராமல் சூளைக்குப் போனால் வெடிக்கும்.

கழுத்திலிருந்து தொடங்குங்கள். 1 செ.மீ. தடிமனில் திரிகளை அடுக்கி ஓர் உருளை. அடி திறந்தே இருக்கட்டும், அதனால் தனியாக ஓட்டை தேவையில்லை, அடித்தகடு விரியும் பிரச்சினையும் இல்லை. தாடைக்கு வந்ததும் திரியை வெளியே தள்ளி வைத்து அகலப்படுத்துங்கள். ஒவ்வொரு 6, 7 செ.மீ. உயரத்துக்கும் நிறுத்தி, கீழே உள்ளது கொஞ்சம் விறைக்கும் வரை காத்திருக்க வேண்டும். விளிம்பை மட்டும் ஈரத்துணியால் மூடி வைத்தால் அடுத்த திரி ஒட்டும். காத்திருக்காமல் கட்டினால் கழுத்து நசுங்கித் தலை தோளில் இறங்கிவிடும்.

நெற்றி வரை வந்ததும் நிறுத்துங்கள், மண்டையை மூட வேண்டாம். முகம் செய்யும்போது ஒரு கை உள்ளே இருக்க வேண்டும். கண்குழியை வெளியே இருந்து அழுத்தும்போது உள்ளே விரல் தாங்க வேண்டும், கன்னமும் முகவாயும் உள்ளே இருந்து தள்ளித்தான் எழும். மூடிய தலையில் இதைச் செய்ய முடியாது, அப்போது கன்னத்துக்கு வெளியே மண் அப்புவார்கள், சுவர் ஒரு பக்கம் தடித்துப்போகும்.

அளவுகள்: கண்கள் தலையின் மொத்த உயரத்தில் பாதியில் இருக்கின்றன. இதை யாரும் நம்புவதில்லை, மயிரையும் மண்டையையும் கணக்கில் எடுக்காமல் கண்ணை நெற்றியில் வைத்துவிடுவார்கள். ஒரு நூலை வைத்து ஒருவரை ஒருவர் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கும் முகவாய்க்கும் ஏறக்குறைய நடுவில் மூக்கின் அடி. மூக்கின் அடியிலிருந்து முகவாய் வரை உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் வாய்க்கோடு. காது, புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் நடுவில். பக்கத்திலிருந்து பார்த்தால் தலையின் பாதிக்குச் சற்றுப் பின்னால்.

கண்ணுக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் குழி, அதில் ஒரு சிறு உருண்டை, அப்புறம் மேல் இமையும் கீழ் இமையும் மெல்லிய பட்டைகளாக உருண்டையின் மேல். இமையை முதலில் வரைந்துவிட்டு நடுவில் கண்ணைத் திணித்தால் முகம் முறைத்துப் பார்க்கும். மேல் இமை கீழ் இமையைவிடச் சற்று முன்னால் வர வேண்டும்.

முகம் முடிந்த பிறகு மண்டையை மூடுங்கள். மயிரை நூல் நூலாக ஒட்ட வேண்டாம், எல்லாம் உதிரும். திரளாக மண் சேர்த்து, தோல் பதத்தில் முள்கரண்டியால் கோடு இழுத்தால் போதும்.

11. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில்

45 நிமிட வகுப்பில் கடைசி 10 நிமிடம் மூடி வைப்பதற்கும் துடைப்பதற்கும் என்று வையுங்கள். அவசரமாக மூடிய சிற்பம் அடுத்த வாரம் கல்லாகக் கிடக்கும்.

சிற்பத்தின் மேல் லேசாக ஸ்ப்ரே, மெல்லிய இடங்களில் ஈரமான தாள், அதன்மேல் பிளாஸ்டிக் உறை, உறையின் வாயைப் பலகைக்கு அடியில் மடித்து விட வேண்டும். உறை மேலே சும்மா கிடந்தால் பயன் இல்லை, கீழ்ப்பக்கம் காற்று நுழைந்து அடிப்பாகம் காய்ந்துவிடும். ஈரத்துணியைச் சொட்டச் சொட்டப் போர்த்துவதும் தவறு, மண் கரைந்து காதும் மூக்கும் மழுங்கும். விடுமுறை வந்தால் இரண்டு உறை போடுங்கள்.

உள்ளே தாங்கலுக்குச் செய்தித்தாளைக் கசக்கி வைக்கலாம். அது அமுங்கிக் கொடுக்கும், எடுக்க முடியாமல் போனாலும் சூளையில் எரிந்துவிடும், ஆனால் புகை வரும், காற்றோட்டம் வேண்டும். கம்பி, மரம், பாட்டில் போன்ற கடினமான தாங்கல்களை உள்ளே விட்டால் மண் அவற்றின்மேல் சுருங்கி வெடிப்பு விடும், தோல் பதத்திலேயே எடுத்துவிடுங்கள்.

12. உலர்த்துவதை அவசரப்படுத்தாதீர்கள்

களிமண் உலர்வதிலும் சுடுவதிலுமாக மொத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும், மண்ணைப் பொறுத்து கூடக் குறையலாம். சுருங்குவது பிரச்சினை இல்லை, ஓர் இடம் முந்திச் சுருங்குவதுதான் பிரச்சினை. காதும் மூக்கும் வாலும் சீக்கிரம் காயும், உடல் மெதுவாகக் காயும். அதனால் அந்த நுனிகளை மட்டும் சிறு பிளாஸ்டிக் துண்டால் மூடி, முதல் சில நாட்கள் மொத்தத்தையும் தளர்வாகப் போர்த்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள்.

வெயிலிலும் மின்விசிறிக்கு நேரேயும் வைக்கக் கூடாது. அடியில் செய்தித்தாள் விரித்தால் சுருங்கும்போது சிற்பம் நகர இடம் கிடைக்கும். கம்பித் தட்டு இருந்தால் இன்னும் நல்லது, அடியிலும் காற்றுப் போகும். ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். மழைக்காலம் என்றால் இன்னும் கூட.

13. முதல் சூடு

சூளையில் வெடிப்பதற்குக் காரணம் காற்றுக்குமிழி என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் ஈரம்தான். 100 டிகிரியில் உள்ளே மிச்சம் இருக்கும் நீர் ஆவியாக மாறும்போது ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிகிறது, வெளியேற நேரம் கிடைக்காவிட்டால் சுவரைப் பிளக்கிறது. தடித்த சுவரில் ஆபத்து அதிகம், ஏனென்றால் அதன் நடு கடைசியில்தான் காய்கிறது.

ஆகவே சூளையை 80, 90 டிகிரியில் இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள், புகைவழியைத் திறந்தபடி. மாணவர் வேலைகளில் தடிமன் ஒரே சீராக இருக்காது என்பதால் இந்தப் பொறுமை கட்டாயம். அதற்குப் பிறகும் 600 டிகிரி வரை மணிக்கு 100 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் திடீரென்று அளவு மாறுகிறது, ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். முதல் சூடு பொதுவாக 1000 முதல் 1060 டிகிரியில் முடியும்.

இந்தச் சூட்டில் சிற்பங்கள் ஒன்றையொன்று தொட்டால் பரவாயில்லை. சூளையை இயக்குவது பெரியவர்கள் மட்டுமே. 100 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை மூடியைத் திறக்கக் கூடாது, ஆவலில் திறந்தால் குளிர்காற்று பட்டு விரிசல் விழும்.

14. நிறம்

சுட்ட சிற்பத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துத் தூசி நீக்குங்கள், தூசிமேல் கிளேஸ் பிடிக்காது, சுருண்டு விலகும். கைகளையும் கழுவச் சொல்லுங்கள், எண்ணெய்ப் பசையும் அதையே செய்யும்.

நுணுக்கமான முகங்களுக்கு எல்லா இடத்திலும் கெட்டியாகக் கிளேஸ் பூசுவது எனக்கு உடன்பாடு இல்லை, கீறிய கோடெல்லாம் மூடிப்போகும். அண்டர்கிளேஸை (கிளேஸுக்கு அடியில் பூசும் நிறத்தை) மெல்லியதாகப் பூசி, மேட்டுப் பகுதிகளை மட்டும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்தால் பள்ளங்களில் நிறம் தங்கி உருவம் எடுப்பாகத் தெரியும். தூரிகையால் பூசும் கிளேஸ் என்றால் பொதுவாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது, திசையை மாற்றி மாற்றி. ஈயம் இல்லாததை மட்டும் வாங்குங்கள்.

அடிப்பாகத்திலும், அதற்கு மேல் அரை செ.மீ. வரையிலும் கிளேஸ் இருக்கக் கூடாது. உருகி வழிந்தால் சூளைத் தட்டோடு ஒட்டிவிடும். இரண்டாம் சூட்டில் சிற்பங்கள் ஒன்றையொன்று தொடவும் கூடாது. இரண்டாம் சூட்டுக்கு நேரம் இல்லை என்றால் சுட்ட சிற்பத்தில் அக்ரிலிக் வண்ணம் பூசலாம், ஆனால் அதை மறுபடி சூளையில் வைக்காதீர்கள்.

15. உடைந்ததும் மிஞ்சியதும்

தோல் பதத்தில் உடைந்தால் கீறிக் குழம்பு வைத்து ஒட்டிவிடலாம். முழுக்க உலர்ந்த பிறகு உடைந்ததை ஈரம் காட்டி ஒட்ட முயன்றால் பெரும்பாலும் மறுபடி பிரியும், அந்த இடமே நொறுங்கும். இரண்டு துண்டையும் தனித்தனியாகச் சுட்டு, எல்லாச் சூடும் முடிந்த பிறகு எபாக்ஸி பசையால் ஒட்டுவது நல்லது. இதை அந்த மாணவரிடம் உடனே சொல்லுங்கள், துண்டுகளைத் தூக்கி எறிவதற்கு முன்.

சுடாத மண் எதுவும் வீணில்லை. வெட்டிய துண்டுகளை முதலில் முழுக்கக் காயவிட்டு, அப்புறம் வாளித் தண்ணீரில் போடுங்கள். காய்ந்த மண் சீக்கிரம் கரையும், அரை ஈரத் துண்டுகள் நாட்கணக்கில் கட்டியாகவே கிடக்கும். கரைந்ததும் மேல்தண்ணீரை இறுத்துவிட்டு, சேற்றைத் துணிமேல் பரப்பி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் பிசைந்து உறையில் கட்டுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் துணுக்கு ஒன்றும் அதில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சுட்ட பிறகு அந்த இடம் ஈரத்தை இழுத்து வீங்கி, மேற்பரப்பு சில்லாகத் தெறிக்கும்.